பார்லரில் போன மானம்

என் மானத்தை வாங்க எனக்கு எதிரியே தேவையில்லை. எங்கம்மா போதும்.

அம்மா பார்லர் வைத்திருக்கிறாள். கத்தரிக்கோல் ஒரு பக்கம் வெட்டும், வாய் ஒரு பக்கம் வெட்டும். நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது, ஒரு பெண்மணியின் தலைக்குச் சாயம் பூசியபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மருமக தங்கம். குழந்தை தங்காததுக்குக் கோளாறெல்லாம் என் பையன்கிட்டதான்."

அந்தப் பெண்மணி கண்ணாடி வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடப்பாவமே! ஆளு வாட்டசாட்டமாத்தானே இருக்காரு! எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார், அனுப்பி வைங்க."

அம்மாவைத் துண்டுகள் காயும் பின்னறைக்கு இழுத்துப் போனேன்.

"உனக்கே நியாயமா இருக்கா? டாக்டர் சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல உக்காந்திருந்தே? அவ உடம்பைக் காவல் காக்க வேண்டிய புரதமே அவ ரத்தத்தை உறைய வைக்குதாம். ஒட்ட வர்ற கருவுக்கு ரத்தம் போகாமத்தான் ரெண்டு தடவை கலைஞ்சுதாம்."

"தெரியும்டா. வீட்டுக்காரனையே உள்ள விடாத வாட்ச்மேன். அதுக்குத்தானே பாவம், தினம் வயித்துல ஊசி குத்திக்கிறா."

"அப்புறம் ஏன் என் தலையை உருட்டுறே? ஆபீஸ் டிரைவர் எனக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தர்றான்! மாடிவீட்டுக்காரர் தோளைத் தட்டி, 'தைரியமா இருங்க தம்பி'ங்கிறார்!"

"பழத்தைச் சாப்பிடு. உடம்புக்கு நல்லது."

"அம்மா!"

அம்மா கையுறையைக் கழற்றினாள். "போன மாசம், குறை அவகிட்டன்னு நெனச்சு உங்க அத்தை என்ன பண்ணினா?"

"எனக்கு வேற பொண்ணு பாத்து போட்டோ கொண்டுவந்தா."

"அதை உன் பொண்டாட்டியும் பாத்தா. ராத்திரி பூரா அழுதா. இப்ப குறை உன்கிட்டன்னு சொன்னேன். யாராவது அவளுக்கு வேற மாப்பிள்ளை போட்டோ கொண்டுவந்தாங்களா? டாக்டர் அட்ரஸ்தானே தர்றாங்க! ஒரு குழந்தை ஒட்டுற வரைக்கும் அவ நிம்மதியா இருக்கட்டும்டா. உன் மானத்துக்கு இப்ப என்ன அவசரம்?"



வாசலில் அத்தையின் குரல் கேட்டு இருவரும் வெளியே வந்தோம். அவள் கையில் ஒரு கவர்.

"அண்ணி, இன்னொரு நல்ல இடம் வந்திருக்கு..." என்னைக் கண்டதும் நிறுத்தினாள். "ஏன்டா, எல்லாரும் உன்னைப் பத்தி ஒரு மாதிரி பேசிக்கிறாங்களே, நெசமா?"

அம்மா என்னையே பார்த்தாள்.

"ஆமா அத்தை, கோளாறு எனக்குத்தான். நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?"