ஆறு மணிப் பச்சைப் புள்ளி

மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், பவர் சப்ளையில் மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி மூன்று.

செங்கம் ரோட்டில், டீக்கடைக்கு மேல் மாடியில் என் கடை. கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக் கொடுப்பது என் வேலை. எது எதற்கு என்று சொல்லாமல் எனக்கு ஒரு ஸ்க்ரூவைக்கூட முடுக்க வராது. மொய்னுதீன் பாய் விளக்க ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் என்று கீழே கிண்டல் செய்வார்கள்.

அவள் பெயர் ஓவியா. ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பாளர். கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். இன்றைக்கே. ஆறு மணிக்குள்.

என்ன கேம் என்று கேட்டேன். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

லாரி ஓட்டுவது என்றாள். கீழே ரோட்டில் ஓடுவது போதாதா என்றேன். அதில் ஹாரன்தான் ஜாஸ்தி பாய், பாட்டு கம்மி என்றாள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. லாரி கேமுக்கு கிராபிக்ஸ் கார்டைவிட பிராசசர் முக்கியம். சாலையில் எந்த வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்று யோசிப்பது பிராசசர். அதை வரைந்து காட்டுவது கார்டு. யோசிப்பவன் மெதுவாக இருந்தால் வரைபவன் தூரிகையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான்.

ராம் எதற்கு இரண்டாக என்று கேட்டாள். ஒரே பெரிய கதவைவிட இரண்டு சின்னக் கதவு நல்லது, ஒரே நேரத்தில் இரண்டிலும் போய் வரலாம் என்றேன். தலையாட்டினாள். கேட்கத் தெரிந்த பெண்.

நல்ல கார்டு நாளைக் காலை பஸ்ஸில் சென்னையிலிருந்து வரும் என்றேன். அலமாரியில் இருந்த சின்னதையே காட்டினாள். ஆறு மணிக்குள் ஓடுவது எதுவோ அது போதுமாம்.

கடிகாரத்தைப் பார்த்து கார்டு தேர்ந்தெடுத்த முதல் ஆள் அவள்தான். அப்படி ஆறு மணிக்கு என்ன என்று கேட்டுவிட்டேன்.

பிராசசர் மேல் சூடு கடத்தும் பேஸ்ட்டை நான் வைக்கும்போது சொன்னாள்.

அவளுக்கு ஓர் அண்ணன், மாறன். கேமில் லாரி அவனுடையது. சாயங்காலம் அவன் ஓட்டுவான், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு மாற்றுவாள். உனக்கும் ஒரு கம்ப்யூட்டர் பூட்டித் தருகிறேன், என் பின்னாடியே வா என்று சொல்லி, இவள் பெயரிலும் ஒரு கணக்கைத் திறந்து வைத்திருந்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன் வேங்கிக்கால் அருகே பைக்கில் போனவன் திரும்பவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அப்பா அவன் கம்ப்யூட்டரை எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எங்கே என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

போன மாதம் அந்தக் கணக்கை போனில் திறந்து பார்த்திருக்கிறாள். நண்பர்கள் பட்டியலில் ஒரே பெயர், மாறன் லாரி சர்வீஸ். பக்கத்தில், ஆன்லைனில் இருக்கிறான் என்று பச்சைப் புள்ளி.

சரியாக ஆறு மணிக்கு வருகிறதாம். எட்டு மணிக்குப் போய்விடுகிறதாம். பௌர்ணமிக்கு மட்டும் வருவதில்லை. அண்ணனும் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போய்விடுவான் என்றாள்.

யார் என்று கேட்டு எழுதவில்லையாம். கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். அவன் லாரிக்குப் பின்னால் தன் லாரியை வைத்துக் கொஞ்ச தூரம் போனால் போதும்.

“செத்தவன் வரமாட்டான்னு தெரியும் பாய். ஆனா தனியா பாக்க பயமா இருக்கு. ஆறு மணிக்கு நீங்க பக்கத்துல இருங்க.”

பேஸ்ட் பட்டாணி அளவுதான் வைக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு வைத்திருந்தேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

அதன் பிறகு நான் எதையும் விளக்கவில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவளாகவே கேட்டாள். ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன்.

ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. அந்த கேம் தொண்ணூறு ஜிபி, நெட்டில் இறக்கினால் விடிந்துவிடும். உள் அறைக்குப் போய் ஒரு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வந்தேன். உங்களிடமே இருக்கிறதா என்று சந்தோஷப்பட்டாள்.

ஐந்து ஐம்பதுக்கு அவள் லாரி ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றது. பட்டியலில் அந்த ஒரே பெயர். சாம்பல் நிறப் புள்ளி.

ஆறு.

சாம்பல்.

ஆறு ஐந்து. பட்டியலை மூடி மறுபடி திறந்தாள்.

“இன்னிக்குன்னு பாத்து ஏன் வரல?”

பழைய கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் வேலை டிஸ்க்கை அழிப்பது. வருகிற எல்லோருக்கும் சொல்வேன். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் ஆட்டோவில் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் மட்டும் நான் அதைச் செய்யவில்லை. தொண்ணூறு ஜிபி கேம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. அழிக்க மனசு வரவில்லை. திரையில் இருந்த பெயர் ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்தேன். தினமும் ஆறு மணிக்குக் கடைக்கதவைச் சாத்திவிட்டு உள் அறையில் உட்கார்ந்து எட்டு வரை லாரி ஓட்டுவேன். பௌர்ணமியன்று ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், கடைக்கே வரமாட்டேன்.

அந்த அறை என் முதுகுக்குப் பின்னால் ஆறடியில் இருந்தது. சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் புள்ளி பச்சையாகிவிடும்.

சத்தமில்லாமல் ஓர் அடி பின்னால் வைத்தேன்.

“எங்கயும் போயிடாதண்ணா” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மதியத்திலிருந்து அவள் என்னை பாய் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.