கிணற்றடித் தெருவுக்கான பதக்கம்

கஞ்சி போட்ட காக்கிச் சட்டையில் பதக்கத்தின் ஊசி இறங்கவில்லை. கலெக்டர் இன்னொரு முறை அழுத்தினார்.

இறங்கியது.

ஒலிபெருக்கி பதக்கம் வாங்குபவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. சுகாதார ஆய்வாளர். கொரோனா முதல் அலையில் கிணற்றடித் தெருவைத் தகரம் வைத்து அடைத்து, ஊருக்குள் தொற்று பரவாமல் காத்தவர்.

சுதந்திர தின மைதானம் கைதட்டியது.

செங்கோடனைப் பற்றி ஒலிபெருக்கி எதுவும் சொல்லவில்லை. அடைத்த தெருவுக்குள் மாரடைப்பு வந்து, தகரத்தைப் பிரித்து ஆம்புலன்ஸ் நுழைவதற்குள் இறந்துபோன தறிக்காரர்.

செங்கோடன் இறந்த அன்று ஆய்வாளரின் போன் ஓயாமல் அடித்தது. திறந்துவிடுங்கள், பால் வாங்க வேண்டும். திறந்துவிடுங்கள், சாவு வீட்டுக்குப் போக வேண்டும். மதியம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றும்போது அது மேசைமேல் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. அவர் மோரும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

நிமிர்த்திப் பார்த்தபோது, திரை முழுக்க ஒரே எண்.

விழா முடிந்து மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் வண்டியைக் கிளப்பி நேராகக் கிணற்றடித் தெருவுக்கு வந்தார்.

கதவைத் திறந்தது செங்கோடனின் மனைவி மரகதம். அவள் பார்வை பதக்கத்தில் நின்றது. அதைக் கழற்றாமல் வந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையால் மறைத்துக்கொண்டார்.

சொல்ல வந்ததைத் தொடங்குவதற்குள் அவளே பேசினாள்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க சார். காலையிலயே நெஞ்சு வலிக்குதுன்னாருங்க. எங்கியோ சரக்குக் கெடைக்குதுன்னு கேள்விப்பட்டு, வெளிய போறதுக்கு நடிக்கறாருன்னு நெனச்சுப்போட்டனுங்க. பேசாம படுங்கன்னு வஞ்சுட்டேன். மத்தியானந்தான் உங்களுக்குப் போன் பண்ணுனேன். வெரசலாக் கூப்பிட்டிருந்தா…"

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இதை அவள் வேறு யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

அவர் தலையசைத்திருக்கலாம். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

"நீங்க கூப்பிட்டப்ப நேரம் இருந்துச்சும்மா. போன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. நான்தான் எடுக்கல. சாப்ட்டுட்டு இருந்தேன்."

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

மரகதம் முந்தானையை வாயிலிருந்து மெல்ல எடுத்தாள்.

கதவைச் சாத்தவில்லை.

உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை.