கறுவலின் வார்

பிரிந்தபோது மற்ற எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொண்டவர்களால் நாயை மட்டும் பங்கிட முடியவில்லை. ஒரு கிழமை ஜெயரூபனிடம், மறு கிழமை துளசிகாவிடம் என்று முடிவானது. சனிக்கிழமைகளில் ஏரிக்கரைப் படகுத்துறையில் கறுவல் கைமாறும். அந்த நகரத்தில் நாய்க்கும் படகில் இடமுண்டு, தேநீர்க்கடை வாசலில் தண்ணீர்க் கிண்ணமுண்டு. அவர்கள் இருவருக்கும் பேசுவதற்குக் கறுவல் மட்டுமே மிஞ்சியிருந்தது.

துளசிகாவின் கிழமையில் அது செத்துப்போனது. அடுத்த சனி, வரத் தேவையில்லை என்று தெரிந்தே ஜெயரூபன் வந்தான். அவளும் வந்திருந்தாள், கையில் வெறும் தோல் வாருடன்.

"கறுவல் காலமை சரியாச் சாப்பிடேல்லை," என்று வாரை நீட்டினாள்.

"பின்னேரம் குடுக்கிறன்," என்று வாங்கிக்கொண்டான். தேநீர்க்கடைப் பெண் வழக்கம்போல் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். அதன் பிறகும் வார் கிழமைக்குக் கிழமை கைமாறியது.

இன்று அவன் நீட்டியபோது துளசிகா வாங்கவில்லை. பக்கத்தில் பெரிய சூட்கேஸ் நின்றது.

"இனிக் கறுவலை நீங்களே வச்சிருங்கோ. நான் வேற ஊருக்குப் போறன்."

ஜெயரூபன் நீட்டிய கையை மடக்கவில்லை. "அவன் உம்மை விட்டிட்டு இருக்கமாட்டான்."

அவள் குனிந்தாள். வாரின் கொளுக்கி தொங்கிய இடத்தில், காதுகள் இருந்திருக்கக்கூடிய உயரத்தில், கையை வைத்தாள்.

"அப்பாவோட இரு, குட்டி."

துளசிகா ஏறிய படகு நகர்ந்தது. மறையும்வரை கறுவல் பார்க்கட்டும் என்று ஜெயரூபன் வாரைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.