சுந்தர் சாருக்குக் கால் சுளுக்கு

கணவனின் வலது காலை இழுத்துப் பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள் நீலா. "அசையாதீங்க. வந்துட்டாங்க. நாலு பேர்."

"இன்னும் ஒரு சுத்து சுத்தினா நிஜமாவே நொண்டிடுவேன்," என்றான் சாய்கிருஷ்ணா.

"நொண்டுங்க. அதான் வேணும். இன்னிக்கு நீங்கதான் சுந்தர் சார்."

எல்லாம் அந்த சிம் கார்டு செய்த வேலை. திருச்சியிலிருந்து புனே பாணேருக்குக் குடிவந்த வாரம் வாங்கிய நம்பர், அதற்கு முன்னால் யாரோ சுந்தர் என்பவருடையதாம். வாட்ஸ்அப்பைத் திறந்தால், 'புனே தமிழ் சைக்கிள் குழு'வில் அவராகவே இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று மாலையே கேள்வி வந்துவிட்டது. 'சுந்தர் சார், மழைல நனைஞ்ச ஷூ நாறுது. என்ன பண்ணலாம்?'

நம்பர் மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் புனே வந்த ஒன்பது நாளில் சாயைத் தவிர வேறொருவர் அவளிடம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. கை சும்மா இருக்குமா? 'உள்ளே பழைய பேப்பரைக் கசக்கி அடைச்சு வைங்க' என்று தட்டிவிட்டாள். பதினோரு பேர் கும்பிடு போட்டார்கள்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. தமிழில் 'நான் செய்தேன்' என்றால் ஆணா பெண்ணா என்று யார் கண்டது? ஹிந்தியாக இருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பாள்.

தொடை பிடித்துக்கொண்டால் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ். செயினில் அழுக்கென்றால் பழைய டூத் பிரஷ். பஞ்சர் எங்கே என்று தெரியாவிட்டால் ட்யூபை வாளித் தண்ணீரில் அமுக்கு. 'இவர் சட்டைல கிரீஸ் பட்டா நான் பாத்திரம் தேய்க்கிற லிக்விடைத் தடவி அரை மணி ஊற வெச்சுடுவேன், கறை ஓடிப்போயிடும்' என்று எழுதியதற்கு மட்டும் முப்பது கும்பிடு.

சாய் காலை ஏழு மணிக்கு, ஊருக்கு வெளியே சாகணில் இருக்கும் ஃபேக்டரிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவான். லிஃப்டில் மராத்தி, காய்க்கடையில் ஹிந்தி. விரலைக் காட்டித்தான் வெண்டைக்காய் வாங்குகிறாள். பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை அந்தக் குழு ஒன்றுதான். பொய் தெரிந்தால் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். அப்புறம் நாலு சுவரும் அவளும்தான்.

'உங்களை எப்பதான் சார் நேர்ல பாக்கிறது?' என்று எட்டு மாதமாகக் கேட்டவர்கள், 'ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல காபி' என்று முடிவே செய்துவிட்டார்கள். நல்ல காபித்தூள் எங்கே கிடைக்கும் என்று யாரோ கேட்டபோது, 'எங்க பில்டிங் பக்கத்துலயே' என்று கட்டடத்தின் பெயரையும் எழுதித் தொலைத்தது இவள்தானே! காலில் சுளுக்கு என்று தப்பிக்கப் பார்த்தாள். 'அப்போ பாக்க வந்தே ஆகணும் சார்' என்றார்கள்.

சாய் நொண்டிக்கொண்டே போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "ஏன் நீலா, நாலு பேருக்கு எதுக்கு அஞ்சு சைக்கிள்?"

"ஸ்பேரா இருக்கும். போய் உக்காருங்க, பெல் அடிக்குது!"

கதவைத் திறந்துவிட்டு, ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டு சமையலறைக்குள் ஓடினாள். வெளியே போக வேண்டுமென்றால் மறுபடி ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். பால் பொங்கியது, அடுப்பை அணைத்தாள்.

"சார், நான் இஸ்மாயில். கால் எப்படி இருக்கு?"

"பரவால்ல, பரவால்ல."

"செயினுக்கு எந்த ஆயில் சார் நல்லது?"

"நல்லெண்ணெய்," என்றான் சாய்.

நீலா தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பினால், சமையலறை வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் நின்றிருந்தாள். குழுவில் அரைகுறைத் தமிழில் எழுதும் ப்ரீதி, புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"போதும்க்கா. பாவம் அவரு, விட்டுடுங்க. சுந்தர் சார் நீங்கதானே?"

நீலாவின் கையிலிருந்த டம்ளர் நழுவித் தொட்டியில் விழுந்தது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஏமாத்தணும்னு பண்ணலம்மா. குரூப்லேருந்து மட்டும் எடுத்துடாதீங்க. எனக்கு இங்க பேச வேற யாருமே இல்ல."

"எடுக்கிறதா? அரே, கீழ அஞ்சாவது சைக்கிள் யாருக்குன்னு நெனச்சீங்க? உங்களுக்குத்தான். எங்களுக்கு ஆறு மாசமாத் தெரியும்க்கா."

நீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி? ஒரு இடத்துலகூட நான் பொம்பளைன்னு காட்டிக்கலையே!"

"எனக்குத் தமிழ் பாதிதான் வரும். ஆனா எங்கம்மா ஒரு நாளும் அப்பா பேரைச் சொன்னதில்ல." ப்ரீதி சிரித்தாள். "கிரீஸ் கறைக்கு என்ன எழுதினீங்க? 'இவர் சட்டைல'ன்னுதானே? சுந்தர் சாருக்கு ஏதுக்கா 'இவர்'?"