ராஜாவின் வால்

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நாய்க்கு ராஜா வேஷம். கோபத்தில் தன் உயிர்த்தோழியையே நாடு கடத்தும் ராஜா. தோழியாக நடித்தது, நாயோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ஆட்டுக்குட்டி.

"இனி என் முகத்தில் விழிக்காதே, போ!" என்று நாய் கர்ஜித்தது. குரல் கணீரென்று இருந்தது. ஆனால் ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் வால் ஆடிவிட்டது. ஒத்திகை பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கொக்கு வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "நாய் வாலை நிமிர்த்தத்தான் முடியாது, நிறுத்தக்கூடவா முடியாது?" ஒரு கயிறெடுத்து வாலைப் பின்னங்காலோடு சேர்த்துக் கட்டினார்.

நாய் மறுபடி கர்ஜித்தது. வால் அசையவில்லை. ஆட்டுக்குட்டி தேம்பித் தேம்பி அழுதது.

"பிரமாதம்! விழாவிலயும் இப்படியே அழு" என்றார் வாத்தியார்.

"நான் நடிக்கல சார். வால் ஆடுனாத்தான், இவன் சும்மா சொல்றான்னு எனக்குத் தெரியும்."

வாத்தியார் ஒற்றைக்காலில் நின்று வெகுநேரம் யோசித்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். அட்டைச் சிம்மாசனத்தின் முதுகில், வால் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார்.

விழாவன்று சிம்மாசனத்தில் அமர்ந்து ராஜா கர்ஜித்ததும் கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. தோழி தலைகுனிந்தபடி சிம்மாசனத்துக்குப் பின்புறமாக நடந்தாள். அங்கே ஓட்டை வழியே ஆடிக்கொண்டிருந்த வாலைச் செல்லமாக ஒரு முட்டு முட்டிவிட்டு, நாடு கடந்து போனாள்.