ஸ்பேர் பிரேக்கர்

"மூணு மாசத்துல எழுநூத்து அறுபது தடவையா?"

சூப்பர்வைசர் சின்னையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீட்டரை மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

பிறை நகரில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் சுவிட்ச் ரூமில், மூலையில் சும்மா நிற்கும் ஸ்பேர் பிரேக்கர் அது. ஒரு ஒயர்கூட அதில் சேரவில்லை. மெஷின்களுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் பிரேக்கர் பழுதானால் மாற்றுவதற்கு வைத்தது. யாராவது கையால் ஆன் பண்ணி ஆஃப் பண்ணினால், அதை எண்ணும் மீட்டரில் ஒன்று கூடும்.

"உள்ள இருக்கிற கான்டாக்ட் என்ன ரப்பரா? செம்புடா! சேர்ந்து பிரியறப்ப தேயும். காத்தே இல்லாத பாட்டிலுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கான். தேஞ்சா திறந்து பாக்கவா முடியும்? பாட்டிலோட தூக்கிப் போட வேண்டியதுதான்லா!"

எதிரே மோகனராஜ் தலைகுனிந்து நின்றான். அவன் வேலை நிரந்தரமாகும் கடிதம் சின்னையாவின் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"தினம் மத்தியானம் இங்க வர்றவன் நீ ஒருத்தன்தான். இதுல என்ன வெளையாட்டு?"



சரியாகப் பன்னிரண்டரைக்கு மோகனராஜின் போன் அடித்தது. திரையில் 'காமினி'.

"எடு. ஸ்பீக்கர்ல போடு."

"என்னங்க, பாப்பா இப்பதான் தூங்கினா," என்றது பாயான் பாரு வீட்டிலிருந்து அவன் மனைவியின் குரல். "பேனலத் தொடப் போறீங்களா? முதல்ல ஆஃப் பண்ணுங்க, கேக்கிறேன்."

மோகனராஜ் சின்னையாவைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு பிரேக்கரின் கைப்பிடியை மூச்சு வாங்க அடித்து ஸ்பிரிங்கை ஏற்றி, ஆன், ஆஃப் பட்டன்களை அழுத்தினான்.

டொக். டக்.

"இன்னொரு தடவ. லைன் சரியில்ல."

டொக். டக்.

"குக்கர் விசில் அடிச்சிடுச்சுங்க. விழவே இல்ல."

டொக். டக்.

"ஐயோ, பாப்பா எழுந்துட்டா. இருங்க, அவ காதுல வெக்கிறேன். அப்பா ஆஃப் பண்ணிட்டாருன்னு அவளுக்கும் தெரியட்டும்."

மோகனராஜின் சட்டை நனைந்துவிட்டது. மீட்டர் எழுநூற்று அறுபத்து மூன்றைத் தாண்டி நான்குக்குப் போனது.

சின்னையா போனைக் கையால் பொத்தினார். "என்னடா இது கூத்து?"

"பயம் அண்ணே," என்றான் மோகனராஜ் குரலைத் தாழ்த்தி. "பாப்பா பொறந்ததுலேருந்து எதுக்கெடுத்தாலும் பயம். நான் கரண்ட ஆஃப் பண்ற சத்தம் கேட்டாத்தான் அவளுக்குச் சோறு இறங்குமாம். நெசமானத ஆஃப் பண்ணா ஃபேக்டரியே நின்னுடும். அதான் இத அடிச்சுக் காட்டுறேன்."

"பொண்டாட்டிய ஏமாத்தறதுக்குக் கம்பெனி சாமான தேய்ப்பியா?"

"தேயாது அண்ணே. கரண்ட் போறப்ப பிரிச்சாத்தான் உள்ள பொறி பறக்கும், பறந்தாத்தான் தேயும். இது சும்மா அடிக்கிறது."

"எனக்கே பாடமா?"

சின்னையா முட்டி போட்டு, டார்ச் அடித்து, பாட்டிலுக்கு அடியில் தண்டில் போட்டிருந்த, கான்டாக்ட் தேய்ந்தால் நகரும் தேய்மானக் கோட்டைப் பார்த்தார். புதிதாக வந்த அன்று நின்ற இடத்திலேயே நின்றது. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கோடு கெடக்கட்டும். பொய் பொய்தான்." போனை எடுத்தார். "அம்மா, நான் சூப்பர்வைசர் சின்னையா பேசறேன். ஒங்க வீட்டுக்காரரு ஒங்கள மூணு மாசமா ஏமாத்துறாரு. இது சும்மா நிக்கிற பிரேக்கர். எதையும் ஆஃப் பண்றதில்ல."

மோகனராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

போனில் பாப்பா சிணுங்கினாள்.

"தெரியும் அண்ணே."

"தெரியுமா?"

"கான்வென்டுல சயன்ஸ் படிச்சவ நான். ஆஃப் பண்ணதா சொல்றாரு, பின்னால மிஷின் எல்லாம் கடகடன்னு ஓடுது. ஒரு நாளைக்குப் பத்து தடவ ஃபேக்டரிய நிறுத்தினா நீங்க அவர வெச்சிருப்பீங்களா?"

மோகனராஜ் கண்ணைத் திறந்தான். வாயும் திறந்துகொண்டது.

"தெரிஞ்சே எதுக்கும்மா தினமும் அடிக்கச் சொல்றே?" என்றார் சின்னையா.

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு பக்கத்துலேயே நிக்கிறாரு, அண்ணே. அடி அடின்னு சொன்னா, அந்தப் பத்து நிமிஷமாச்சும் கரண்டு இல்லாத ஒண்ணு பக்கத்துல நிப்பாருல்ல?"

சின்னையா சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து, அந்தப் பிரேக்கரின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு போனை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னார்: "நாளைலேருந்து டீ டைமுக்கும் ஒரு போன் போடும்மா. லைன் சரியில்லன்னு சொல்லு."