முப்பத்தொன்பது வயது நெஞ்சு

தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பத்தாறு ஆண்டுகள் உப்பு வாரிய சவேரியம்மாள், அறுபது வயது நிறைந்த அன்றே ஓய்வு கேட்டுத் தொழிலாளர் நல அலுவலகத்திற்கு வந்தாள். மாதந்தோறும் போடப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. ஊசி, வீங்கித் தளர்ந்திருந்த அவளுடைய இதயத்தை நன்றாகவே தேற்றியிருந்தது. அதுவே வினையாயிற்று. ஓய்வு வயதை இப்போது இதயத்தைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். அவ்விதியை வகுத்தவருள் ஒருவரேனும் உப்பு மிதித்தவரல்லர்.

“ஒங்க இதயத்துக்கு முப்பத்தொம்பது வயசுதான் ஆவுது. இன்னும் இருவத்தொரு வருசம் வேலை பாக்கணும்மா,” என்றார் எழுத்தர் பொன்சேகர்.

“யய்யா, உப்ப வாருறது நெஞ்சா? முழங்காலப் பாருங்க, குத்தவச்சா எந்திரிக்க முடியல. கண்ணும் பூத்துப்போச்சு.”

“அதெல்லாம் கணக்குல வராதும்மா.”

சவேரியம்மாள் மடியிலிருந்து மாதாந்திர ஊசி அட்டையை எடுத்தாள்.

“ஊசிய நிறுத்திட்டா?”

“பழையபடி நெஞ்சு வீங்கிரும். ஆறே மாசத்துல அறுவது வயசு காட்டும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அப்புறம் ரொம்ப நாள் தாங்காதும்மா.”

அவள் அட்டையை மேசைமேல் வைத்தாள். அதைத் தொட அவர் தயங்கினார்.

“வாங்கிக்கிடுங்கய்யா. இருவத்தொரு வருசம் வெயில்ல நிக்கதுக்கு, கொஞ்ச நாள் நெழல்ல காலை நீட்டிப் படுத்துட்டுப் போறேன்.”